பச்சைக் கோடு

பெருங்குடியில், ஆறாம் மாடியில்,
பிரான்ஸ் தேசத்துப் பாதைகளுக்கு
நான்தான் பச்சை தீட்டுகிறேன்.
மோட்டார் வண்டி நுழையாத வழி என்றால் பச்சை.
எப்போதாவது ஒரு டிராக்டர் என்றால் மஞ்சள்.
சிவப்பை அங்கே அதிகம் தொட்டதில்லை.

நேற்று பர்கண்டிக் கால்வாயோரம் இருபத்தெட்டு கிலோமீட்டர்.
தரை: பொடிச்சரளை.
ஏற்றம்: இல்லையென்றே சொல்லலாம்.
பழைய மதகுக்காரர் வீட்டு வாசலில் குடிநீர்க் குழாய்.
ரொட்டிக்கடை திங்களன்று திறக்காது.
மாடு கடக்கும் இடத்துக்குத் தனிக் குறி.
அந்த மாடு எனக்கு
செயற்கைக்கோள் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி,
பக்கத்தில் புள்ளியைவிட நீளமான நிழல்.

மதியம் ஒரு புகார்.
மூன்று வாரமாய் மிதித்துக்கொண்டிருக்கும்
ஓய்வுபெற்ற தம்பதி.
பதினான்காம் மதகு தாண்டி
மரவேர் ஒன்று பாதையைத் தூக்கியிருக்கிறதாம்,
இரண்டு விரல் உயரம்.
காலை நேரத்து அமைதி கெட்டுவிட்டதாம்.
ஷம்ஷாத் அதற்கு 'அவசரம்' கொடி போட்டு அனுப்பினாள்.
வேரைக் குறித்தேன்.
பிறகு கழிவறைக் கண்ணாடியில்
முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்,
பொருக்கு உதிர்கிறது.
போன செவ்வாய், துரைப்பாக்கம் சிக்னல்,
'மெதுவாக வா' என்று முதுகில் எழுதிய ஷேர் ஆட்டோ.
அதற்கு யாரும் கொடி போடவில்லை,
நானும்தான்.

என் சைக்கிள் புதுப்பேட்டையில் வாங்கியது.
மூவாயிரத்து இருநூறு, பிரேக் தனி.
கியர் ஏழு, விழுவது நான்கு.
ஞாயிறு விடியுமுன் நாலு மணிக்கு
ஊருக்குள் ஒரு பச்சைக் கோடு கிடைக்குமா என்று
கிளம்பிவிட்டேன்.

பக்கிங்காம் கரை.
இதுவும் கால்வாய்தான், இதிலும் படகு போயிருக்கிறது.
இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள்
முட்டிவரை இறங்கி நிற்கின்றன,
எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களைப் போல.
கரையை அடைத்துத் தண்ணி லாரி. மஞ்சள்கூடக் கிடையாது.
சதுப்புநிலத்துச் சாலை:
ஒரு பக்கம் தூங்கும் நாமக்கோழிகள்,
மறுபக்கம் ஒன்றையொன்று முந்தும் குப்பை வண்டிகள். சிவப்பு.
ஈ.சி.ஆரில் இறுக்கச் சட்டைக்காரர்கள்
கூட்டமாய்ப் போகிறார்கள்,
பின்னால் அவர்களுக்குக் காவலாய் ஒரு கார்.
சிவப்பு, சட்டையும்.

திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன்.
சோழிங்கநல்லூருக்கு முன்னால்
மெட்ரோ வேலைத் தகரங்களுக்கு நடுவே
ஓர் ஆள் நுழையும் இடைவெளி.
உள்ளே
சாலையின் வயிற்றில் இன்னொரு சாலை,
சத்தமெல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கம்.
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தார்
காவலுக்கு இருந்த திபாகர், பாலாசோர்க்காரர்.
சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி சைக்கிளை.
"அஞ்சரைக்கு கான்க்ரீட் வண்டி வரும் மேடம்.
அதுக்குள்ள."

எழுதிக்கொள்கிறேன்:
நீளம் நானூற்றுப் பத்து மீட்டர்.
தரை: சிமென்ட் தூசி, இடையிடையே கம்பி.
வேர் இல்லை. மரமே இல்லை.
ஏற்றம் இல்லை.
குடிநீர்: இருபது லிட்டர் கேன், கேட்டால் சாய்த்துத் தருவார்.
மாடு: ஒன்று. படுத்திருக்கிறது. நேரில் பார்த்தேன்.
அடுத்த வாரம் தகரம் எந்தப் பக்கம் நகரும் என்று
இன்ஜினியருக்கே தெரியாதாம்.

ஒன்பது தடவை போய் வந்தேன்.
மூச்சு வாங்க நின்றபோது
ஹேண்டில்பாரில் கை வைத்தார் திபாகர்.
கேட்கவில்லை. நான் இறங்கிக்கொண்டேன்.
ஊரைவிட்டு வந்து இரண்டு வருஷமாம், தொட்டதே இல்லையாம்.
முதல் தூண்வரை தள்ளாடினார்.
இரண்டாவது தூணில்
இரண்டு கையையும் விட்டுவிட்டார்,
விசில் பல்லுக்கிடையில்,
ஊதாமல்.